மலையூர்த் தெருவில் போக்குவரத்தை மாற்ற: எண்ணிக்கையில் தொடங்கி அரசிதழ் வரை

குன்னூரில் பெட்போர்டுக்குக் கீழே எங்கள் வீடு. வாசலில் போகும் ஏற்றத்தை ஒருவழிப் பாதையாக்க எங்களுக்கு இரண்டு சீசன் பிடித்தது. அதில் முதல் சீசன் முழுக்க, அதிகாரமே இல்லாத அலுவலகங்களில் மனு கொடுத்துக் கழிந்தது. அந்த வருடம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசவ வலியில் இருந்த பெண்ணை ஏற்றிய ஆம்புலன்ஸ் எங்கள் வளைவில் இருபது நிமிடம் நின்றது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த இருபது நிமிடத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் என்று பல ஊர்த் தெருக்காரர்களோடு இதே வேலையில் கூட நின்றிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் இதை வரிசைப்படி எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் காகிதத்தைக் கேட்கும்.

0. கையில் இருக்க வேண்டியவை

முப்பது மீட்டர் டேப் ஒன்று, கோடு போட்ட நோட்டு, நேரம் சரியாகக் காட்டும் போன், எண்ணுவதற்குக் குறைந்தது நான்கு பேர். பிறகு மூன்று மாதப் பொறுமை. பணம் அதிகம் ஆகாது.

நான்கு பேரில் ஒருவராவது கடைக்காரராகவோ ஓட்டுநராகவோ இருக்கட்டும். குடியிருப்போர் மட்டும் சேர்ந்து கொண்டுபோகும் கணக்கை ‘வீட்டுக்காரர்கள் கணக்கு’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

1. அதிகாரம் யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையிலோ கோவையிலோ இருந்து பழகியவர்கள்தான் இங்கே அதிகம் குழம்புகிறார்கள். பெரிய நகரத்தில் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். எந்தச் சாலை ஒருவழி, எந்த நேரத்தில் லாரிக்குத் தடை என்று அவருடைய போக்குவரத்துப் பிரிவே பார்க்கிறது. அறிவிப்பும் அங்கிருந்தே வருகிறது. மறுநாள் தடுப்பு வைப்பவர்களும் அவருடைய ஆட்களே. தீர்மானமும் அமலும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன. 

மலையில் கமிஷனர் கிடையாது. தடை ஆணை மாவட்டக் கலெக்டர் பெயரில் வரும். சாலை வேறொரு துறையுடையது. தெருவில் நிற்க வேண்டிய காவலர் எஸ்.பி.யின் ஆள். ஆக மூன்று கைகள்: சாலைக்குச் சொந்தக்காரர், ஆணையிடுபவர், அமல்படுத்துபவர். மூவரில் ஒருவரை விட்டாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

‘நகராட்சியில் கேட்டால் போதாதா?’ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. போதாது. அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்குத் தரக்கூடிய 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. சாலை, பாலம் அதில் இருக்கின்றன. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் இருக்கின்றன. ஓடும் வண்டியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. சென்னை மாநகராட்சியும் இந்த விஷயத்தில் குன்னூர் நகராட்சி போலத்தான். பெரிய நகரத்தின் பலம் மாநகராட்சியில் இல்லை, கமிஷனர் அலுவலகத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்த அதிகாரத்தை மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும்தான் தருகிறது.

இன்னொரு குழப்பம், பெயரால் வருவது. ‘ஆர்.டி.ஓ.’ என்று இங்கே இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் வருவாய்க் கோட்டாட்சியர். மற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். முன்னவர் கலெக்டருக்காகக் களத்தில் வந்து பார்த்து அறிக்கை தருபவர். பின்னவர் பெர்மிட், லைசென்ஸ், பஸ் வழித்தடம் பார்ப்பவர். ‘ஆர்.டி.ஓ.விடம் கொடுங்கள்’ என்று யாராவது சொன்னால், எந்த ஆர்.டி.ஓ. என்று நின்று கேளுங்கள். எங்கள் முதல் மனு தவறான மேசையில் ஆறு வாரம் கிடந்தது.

2. சாலை யாருடையது என்று காகிதத்தில் வாங்குங்கள்

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலையில் ஒரே சாலை அரை கிலோமீட்டருக்குள் இரண்டு முறை கை மாறும். குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகப் போகும் பெரிய சாலை தேசிய நெடுஞ்சாலை 181. அதிலிருந்து பிரியும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதிலிருந்து ஏறும் சந்து நகராட்சியுடையது. வெலிங்டன் பக்கம் போனால் ராணுவக் குடியிருப்புப் பகுதியை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் போர்டு. ஊருக்கு வெளியே ஊராட்சி ஒன்றியம், வனத்துறை, எஸ்டேட்டின் சொந்தச் சாலை.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை சாலை உங்கள் சாலைப் பதிவேட்டில் உள்ளதா, அதன் பதிவு அகலம் என்ன, ஏற்கெனவே ஏதாவது போக்குவரத்துத் தடை அறிவிப்பு அமலில் உள்ளதா. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில தெருக்களில் பழைய ஆணை ஏற்கெனவே இருக்கும், பலகைதான் விழுந்திருக்கும். அப்படியானால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்தது.

பதிவு அகலத்துக்கும் காரணம் உண்டு. பதிவேட்டில் ஆறு மீட்டர் என்று இருந்து, டேப் நாலரை மீட்டர் காட்டினால், உங்கள் பிரச்சினை போக்குவரத்து இல்லை, ஆக்கிரமிப்பு. அதற்கு ஒருவழி ஆணை கேட்டுப் பயனில்லை. அது நகராட்சியே தீர்க்க வேண்டியது.

3. தொல்லை என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள்

பெரும்பாலான மனுக்கள் ‘ஒருவழிப் பாதை வேண்டும்’ என்று தொடங்குகின்றன. அது தீர்வு. அலுவலர் முதலில் கேட்பது தொல்லை என்ன என்று. ‘மாலை 4 முதல் 6 வரை, பள்ளி வேனும் எதிரே வரும் பஸ்ஸும் மூன்றாவது வளைவில் முட்டி நிற்கின்றன’ என்பது ஒரு வரி. அதில் நேரம், இடம், வண்டி வகை மூன்றும் உள்ளன.

இந்த வரியை எழுத முடியவில்லை என்றால், இன்னும் தெருவில் நின்று பார்க்கவில்லை என்று அர்த்தம்.

4. எண்ணுங்கள்

மொத்த வேலையிலும் கனமான படி இதுதான். இதைச் சரியாகச் செய்தால் பிற்பாடு யாரும் உங்களை எளிதில் மறுக்க முடியாது.

மூன்று விதமான நாள் வேண்டும்: சாதாரண வாரநாள், சனி அல்லது ஞாயிறு, சந்தை நாள். ஏப்ரல், மே சீசனில் ஒரு நாள் எண்ணினால் இன்னும் நல்லது. ஆனால் சீசன் கணக்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ‘இது இரண்டு மாதத் தொல்லைதானே’ என்று முடித்துவிடுவார்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மொத்தமாக எழுதினால், பள்ளி விடும் அந்தப் பதினைந்து நிமிட அலை கணக்கில் கரைந்து போகும். நெரிசல் உண்மையில் அந்த அலையில்தான் இருக்கிறது.

வண்டிகளைப் பிரித்து எழுதுங்கள்: இருசக்கரம், ஆட்டோ, கார் ஜீப், பிக்கப், மினி பஸ், பஸ், லாரி. ஏறுவது தனி, இறங்குவது தனி. நடப்பவர்களையும் எண்ணுங்கள். மலையூரில் பாதிச் சாலைக்கு நடைபாதை கிடையாது. தோளில் பள்ளிப் பையோடு குழந்தைகள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே போகிறார்கள். அந்த எண்ணிக்கை எந்த அலுவலகப் பதிவிலும் இருக்காது. உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

நீலகிரியில் இன்னொரு பிரிப்பு எளிது: டி.என். 43 என்ற எண் உள்ள வண்டி உள்ளூர், மற்றவை வெளியூர் என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் இது சரிப்படாது. திண்டுக்கல் மாவட்டம் சமவெளியிலும் மலையிலும் சேர்ந்து கிடப்பதால், எண்ணை வைத்து மலைக்காரரா என்று சொல்ல முடியாது. அங்கே ‘மஞ்சள் பலகை, வெள்ளைப் பலகை’ என்று பிரித்து, டாக்ஸியா சொந்த வண்டியா என்று மட்டும் பாருங்கள்.

நிற்கும் வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. அரை மணிக்கு ஒரு முறை தெருவில் நடந்து, நிற்கும் வண்டிகளின் கடைசி நான்கு எண்களை எழுதுங்கள். எங்கள் தெருவில் இதைச் செய்தபோதுதான் தெரிந்தது: காலை ஒன்பதுக்கு நின்ற வண்டி சாயங்காலமும் அங்கேயே நின்றது. அவை சுற்றுலாக்காரர் வண்டி அல்ல. எங்கள் தெருக் கடைக்காரர்கள், வங்கி ஊழியர்கள், ஏன், எங்கள் சங்கத்து ஆட்களுடையவையே. அதைப் பார்த்த பிறகு மனுவின் பாதி மாறிப்போனது.

கடைசியாக அகலம். மிகக் குறுகிய மூன்று இடங்களில் அளந்து, படத்தோடு எழுதுங்கள். வண்டியின் அகலம் சட்டப்படி அதிகபட்சம் 2.6 மீட்டர். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கில் ஒற்றைத் தடச் சாலை 3.75 மீட்டர், இடைநிலைத் தடம் 5.5 மீட்டர், இரட்டைத் தடம் 7 மீட்டர். உங்கள் தெருவின் குறுகிய இடம் 5.5க்குக் கீழே இருந்து, இரண்டு பக்கமும் பஸ் வந்தால், அந்த ஒரு வரியே மனுவுக்குப் பாதி பலம்.

வழக்கமான தவறு: எண்ணுபவர் தேநீர்க் கடைக்குள் உட்கார்ந்து எண்ணுவது. மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கம் தெரியாது. ஏற்றத்தின் தலைப்பில் ஒருவர், அடியில் ஒருவர் என்று பிரிந்து நில்லுங்கள்.

5. தொல்லைக்கு ஏற்ற சட்டப் பிரிவைப் பிடியுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தில் உங்களுக்கு வேண்டியவை நான்கு பிரிவுகள். வேகத்தைக் குறைக்க 112. குறிப்பிட்ட வண்டியை, அல்லது குறிப்பிட்ட திசையில் வருவதைத் தடுக்க 115. பலகை வைக்க 116. நிறுத்துமிடமும் பஸ் நிற்கும் இடமும் முடிவு செய்ய 117.

இதில் 117ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். நிறுத்துமிடத்தைத் தீர்மானிக்கும்போது உள்ளாட்சி அமைப்போடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. வண்டி ஓட்டத்தில் குரல் இல்லாத நகராட்சிக்கு, வண்டி நிற்பதில் சட்டமே ஓர் இருக்கை போட்டிருக்கிறது. அதனால் உங்கள் தொல்லை நிறுத்தம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், நகர்மன்றத் தீர்மானம் ஒன்று வாங்கி இணையுங்கள். வார்டு கவுன்சிலரை அதற்குத்தான் பார்க்க வேண்டும்.

சிலர் ‘144 போடுங்கள்’ என்று எழுதுகிறார்கள். வேண்டாம். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவாக இருக்கும் அந்த அதிகாரம், அமைதி குலையும் நெருக்கடிக்கானது. ஆணையின் ஆயுளும் பொதுவாக இரண்டு மாதம்தான். தினசரி நெரிசலுக்கு அது பொருந்தாது.

இன்னும் சிலர் ‘இ-பாஸ் மாதிரி எங்கள் சாலைக்கும்’ என்று கேட்கிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் அனுமதியான இ-பாஸ் வந்தது சென்னை உயர் நீதிமன்ற ஆணையால், 2024 மே 7ஆம் தேதி முதல். அடுத்த ஆண்டு சீசனுக்கு நீலகிரியில் வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலில் 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்ததும் நீதிமன்றம்தான். மலை முழுவதற்குமான அந்த ஏற்பாட்டை ஒரு தெரு மனுவில் இழுத்தால், ‘நீதிமன்றத்தில் உள்ள விஷயம்’ என்று உங்கள் கோப்பும் சேர்ந்து ஓரம்போகும்.

எடுத்துக்காட்டு வேண்டுமானால் அருகிலேயே உள்ளன. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஏற்பாடு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிச் சாலையில், வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை. கொடைக்கானலுக்கு 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகள் ஏறத் தடை. ஒன்று திசையால், ஒன்று வண்டி எந்த ஊருடையது என்பதால், ஒன்று நீளத்தால். உங்கள் தெருவுக்கு எது பொருந்தும் என்று இவற்றைப் பார்த்து யோசியுங்கள்.

6. ஏற்றமா, இறக்கமா: திசையை முடிவு செய்யுங்கள்

சமவெளியில் ஒருவழிப் பாதைக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். மலையில் அப்படியில்லை. குறுகிய மலைச் சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது ஓட்டுநர் விதி. லோடோடு ஏற்றத்தில் நின்ற வண்டி மறுபடி கிளம்புவது கடினம் என்பதே காரணம்.

செங்குத்தான தெருவை ‘இறங்க மட்டும்’ என்று வைத்தால், மழையில் பிரேக் பிடிக்காமல் வரும் வண்டி கீழே உள்ள சந்திப்பில்தான் போய் நிற்கும். கீழே பள்ளி வாசலோ பஸ் நிறுத்தமோ இருந்தால் அந்தத் திசையைக் கேட்காதீர்கள். ‘ஏற மட்டும்’ என்று வைத்தால், மேல் முனையில் பிரதான சாலையோடு சேரும் இடம் ஓரளவாவது சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வண்டியும் பாதி கிளட்ச்சில் தொங்கிக்கொண்டு நிற்கும்.

முடிவு செய்யுமுன் டாக்ஸி ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள். இருபது வருடம் அந்தச் சாலையில் ஓட்டியவருக்குத் தெரிந்தது வரைபடத்தில் இருக்காது.

7. பாதிக்கப்படுபவர்களை மனுவுக்கு முன்பே பாருங்கள்

மனு போன பிறகு பார்த்தால் அவர்கள் எதிர்மனு போடுவார்கள். அது நியாயமும்கூட. அவர்கள் பிழைப்பு அந்தத் தெருவில் இருக்கிறது.

நீலகிரியில் முதலில் காய்கறி லாரிக்காரர்கள். கேரட்டும் கோஸும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போகவேண்டும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. இவர்களுடைய நேரத்தில் லாரித் தடை கேட்டால், விலை போகாமல் நஷ்டப்படுவது விவசாயி. அதேபோல் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்கள். பறித்த இலை காத்திருந்தால் கெடும்.

அப்புறம் சமையல் எரிவாயு வண்டி, பால் வண்டி, அரசு பஸ் கிளை மேலாளர், பள்ளி வேன் ஓட்டுநர்கள். தெருவோர வியாபாரிகள் இருந்தால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவுக்குத் தெரியாமல் அவர்களை நகர்த்த முடியாது. ‘வியாபாரிகளை அகற்றி’ என்று மனுவில் எழுதாதீர்கள். எழுதினால் கோப்பு வேறு துறைக்குப் போய்விடும். அதோடு, குளிரில் காலை ஐந்து மணிக்குக் கடை விரிக்கும் அவர்கள்தான் அந்தத் தெருவின் பகல் முழுவதற்கும் சாட்சி. கூட வைத்துக்கொள்ளுங்கள்.

விலக்கு எத்தனை பேருக்கு வேண்டும் என்று இங்கேயே முடிவாகும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு தவிர இரண்டு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். பனியில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கும் ஒரு காவலர் எட்டு வகை விலக்கைப் பிரித்துப் பார்க்க முடியாது.

8. மனு

ஒரு பக்கம். அதற்குப் பின்னால் இணைப்புகள். ‘பொருள்’ வரியில் சாலையின் பெயர், தொடக்கம், முடிவு, கேட்பது. ‘பார்வை’யில் தகவல் உரிமைப் பதிலின் எண்ணும் நகர்மன்றத் தீர்மான எண்ணும். அடுத்து படி 3இல் எழுதிய அந்த ஒரு வரி. அடுத்து எண்ணிக்கையின் சாரம் நான்கே வரி. கடைசியில் கோரிக்கை: முதலில் ஒரு மாதச் சோதனை, சரியாக வந்தால் நிரந்தர ஆணை.

பெறுநர் கலெக்டர். நகல் எஸ்.பி., கோட்டாட்சியர், சாலைக்குச் சொந்தமான துறையின் பொறியாளர், நகராட்சி ஆணையர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர். நகல் என்பது மரியாதைக்கு இல்லை. கலெக்டர் அலுவலகம் இவர்களிடம்தான் அறிக்கை கேட்கும். கேட்கும்போது உங்கள் காகிதம் ஏற்கெனவே அவர்கள் மேசையில் இருந்தால் நாள் மிச்சம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கொடைக்கானல்காரர்கள் இதற்காகத் திண்டுக்கல் வரை இறங்க வேண்டியதில்லை. ஊரிலேயே உள்ள கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, மேலே அனுப்பியதற்கான கடிதத்தின் நகலைக் கேட்கலாம். இரண்டு வாரம் கழித்துப் போய் உங்கள் கோப்புக்கு அலுவலகம் போட்ட ‘ந.க. எண்’ என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் ‘எங்கள் மனு என்ன ஆச்சு’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கையெழுத்து இயக்கம் நடத்தி ஐநூறு பேரிடம் வாங்குவதில் சக்தியைச் செலவிட வேண்டாம். முப்பது கையெழுத்து போதும், ஆனால் அதில் ஓட்டுநரும் வியாபாரியும் பள்ளித் தலைமையாசிரியரும் இருக்கட்டும்.

விபத்து நடந்த இடம் என்றால் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல். கலெக்டர் தலைமையில் காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது ஒன்றுதான். கமிஷனரின் ஒரே கூரை மலைக்கு வாய்க்கவில்லை. இந்தக் குழுதான் நமக்குக் கிடைத்த கூரை.

9. கூட்டு ஆய்வு

தேதி சொன்னால் நேரத்தையும் கேளுங்கள். காலை பதினொன்றுக்கு வந்து பார்த்தால் தெரு காலியாக இருக்கும். ‘நெரிசல் இல்லை’ என்று அறிக்கை போகும். உங்கள் அலை எப்போதோ அப்போதே வரச்சொல்லிப் பணிவாக வேண்டுங்கள். நாங்கள் ‘ஐயா, நாலே காலுக்கு வந்தால் பள்ளி வேன்களோடு பார்க்கலாம்’ என்று கேட்டோம், வந்தார்கள்.

ஆய்வில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் டேப் பிடிக்கட்டும். வண்டி கடைசியாகத் திரும்பக்கூடிய இடத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பிறகு வரும் பலகைப் படி முழுக்க அதை நம்பியிருக்கிறது.

10. ஒரு மாதச் சோதனை

இதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். 115ஆம் பிரிவின் காப்புரையில், அதாவது விதிவிலக்கு சொல்லும் பகுதியில், ஒரு வசதி உள்ளது: தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை, உள்ளூரில் இயன்ற விளம்பரம் செய்தால் போதும். நிரந்தரமாகக் கேட்டால் தயங்கும் அலுவலர், ஒரு மாதத்துக்கு என்றால் கையெழுத்துப் போடுவார். தவறினால் தானாக முடிந்துவிடும் என்ற நிம்மதி அவருக்கு வேண்டும். உங்களுக்கும் வேண்டும், ஏனென்றால் உங்கள் யோசனை தவறாகவும் இருக்கலாம்.

தொடங்கும் நாள் செவ்வாய் அல்லது புதன். உள்ளூர்க்காரர்கள் மூன்று நாளில் பழகிவிடுவார்கள். சனிக்கிழமை வெளியூர் வண்டி வரும்போது பார்த்துப் பின்தொடர முன்னால் ஒரு வண்டி இருக்கும். மலர்க் கண்காட்சி வாரத்தில் தொடங்காதீர்கள். காவலர்கள் எல்லோரும் பூங்காப் பக்கம் போயிருப்பார்கள்.

விளம்பரம் என்றால் ஆட்டோவில் மைக், துண்டுத்தாள், உள்ளூர் கேபிள் டிவி, ஸ்டாண்டுகளின் வாட்ஸாப் குழுக்கள். லாட்ஜ், காட்டேஜ் வரவேற்பறைகளில் வழி வரைந்த தாள் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள். செல்போன் வரைபடம் பழைய வழியையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இது முக்கியம். வரைபடச் செயலியில் திருத்தம் அனுப்புவதை நிரந்தர ஆணைக்குப் பிறகு செய்யலாம்.

சோதனை நடக்கும்போது அதே இடத்தில், அதே நேரத்தில், அதே ஆட்கள் மறுபடி எண்ண வேண்டும். பக்கத்துத் தெருவையும் சேர்த்து எண்ணுங்கள். எங்கள் ஏற்றத்தில் குறைந்த நெரிசல் கீழ்ச் சாலையில் போய் நின்றதை முதல் வாரமே பார்த்தோம். அங்கிருந்த முதியவர் ஒருவர் வந்து ‘எங்க வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டீங்களே’ என்றார். உண்மைதான். பஸ் நிறுத்தத்தை நாற்பது மீட்டர் கீழே தள்ளக் கேட்டு இரண்டாவது மனு போட்டோம். அதன் பிறகுதான் அந்தச் சாலை மூச்சு விட்டது.

நேரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டு முனையிலும் ஒருவர் நின்று, வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் மணியையும் எழுதினால், தெருவைக் கடக்க எவ்வளவு ஆனது என்று தெரியும். ‘நெரிசல் குறைந்தது’ என்பதைவிட, ‘ஒன்பது நிமிடம் ஆனது இப்போது மூன்று’ என்பது போன்ற வரிதான் கோப்பில் நிற்கும்.

11. பலகை

தனியார் யாரும் போக்குவரத்துப் பலகை வைக்கக்கூடாது. சொந்தச் செலவில் செய்து நட்டால் அதற்கு மதிப்பும் இல்லை, எடுக்கவும் சொல்வார்கள். கல், பூந்தொட்டி, கயிறு எதுவும் வேண்டாம். இரவில் இருசக்கர வண்டிக்காரர் அதில்தான் விழுவார். செலவை ஏற்க விரும்பினால் ஆணையிடும் அலுவலர் அனுமதியோடு, சாலைத் துறை மூலமே செய்யுங்கள்.

பலகை தெரு வாசலில் மட்டும் இருந்தால் பயனில்லை. கூட்டு ஆய்வில் காட்டினீர்களே, கடைசியாகத் திரும்பும் இடம், அதற்கு முன்னால் ஒன்று வேண்டும். சமவெளியில் தவறாக நுழைந்த பஸ் பின்னால் எடுத்துவிடும். மலையில் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம். நுழைந்தால் நுழைந்ததுதான்.

ஒளி திருப்பும் தாள் ஒட்டிய பலகையாகக் கேளுங்கள். மாலை மூடுபனியில் பெயின்ட் எழுத்து தெரியாது. மரக்கிளை மறைக்காத இடமா என்று மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தடைக்கான ஆணை எண்ணும் தேதியும் பலகையின் அடியில் சிறிதாக இருந்தால், அபராதம் போடும் காவலருக்கு அது பெரிய துணை. அவரோடு வாதாடுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘ஆர்டர் எங்கே’ என்பதுதான்.

12. நிரந்தர ஆணை

சோதனை முடிய பத்து நாள் இருக்கும்போதே அறிக்கையைக் கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு கொடுத்தால் நடுவே தடை காலாவதியாகி, பலகை மட்டும் நிற்கும். ஆணை இல்லாத பலகைக்கு ஓட்டுநர்கள் மரியாதை தருவதை ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். மறுபடி பழக்குவது இரட்டை வேலை.

அறிக்கையில் முன், பின் எண்ணிக்கை, பக்கத்துத் தெருவின் நிலை, வந்த புகார்கள், அதற்குச் செய்த மாற்றம். புகாரை மறைக்காதீர்கள். யாராவது எப்படியும் சொல்வார்கள். நீங்களே எழுதியிருந்தால் கோப்பின் மேல் நம்பிக்கை கூடும்.

நிரந்தர ஆணை வந்ததும் மூன்று இடங்களில் சொற்கள் சரியா என்று பாருங்கள்: சாலையின் தொடக்கமும் முடிவும், திசை, விலக்கு வண்டிகள். அரசிதழில் வந்த பிறகு ஒரு சொல்லைத் திருத்த மறுபடி அதே பாதை. கொண்டுபோய்க் கொடுத்த வரைவில் நாங்கள் ‘மேல் முனை’ என்று எழுதியிருந்தோம். எது மேல் என்று எங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியவில்லை. இப்போது எல்லோருக்கும் சொல்வது, மாறாத அடையாளம் ஒன்றை எழுதுங்கள் என்று: கோயில், பாலம், தபால் நிலையம். கடை பெயர் வேண்டாம், கடை மாறிவிடும்.

அரசிதழ் நகல், செயல்முறை ஆணை, வரைபடம் மூன்றையும் ஐந்து பிரதி எடுத்து, ஒன்றைப் போக்குவரத்துக் காவல் நிலையத்திலும், ஒன்றைப் பஸ் கிளையிலும், ஒன்றை டாக்ஸி ஸ்டாண்டிலும், ஒன்றை நகராட்சிப் பொறியாளரிடமும் கொடுங்கள். அலுவலர்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடுவார்கள். ஐந்தாவது பிரதி உங்கள் வீட்டு அலமாரியில், நோட்டோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறைக்குள். நம் ஊர் ஈரத்தில் காகிதம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.